தீவன மூட்டையில் வந்த மீன்

சங்குமுனை
11 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு நர்மதா எழுதுவது. நான் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, அண்ணி நலமா, இந்த வெயிலைக் கோழிகள் தாங்குகின்றனவா என்று மறக்காமல் எழுதுங்கள்.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பேசி முடித்துப் போனையும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நான் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகுதான் நீங்கள் திட்டியாக வேண்டும்.

எங்கள் கடலாய்வு நிறுவனம் மீன் கணக்கு அறிக்கையை வெளியிட்டுவிட்டது. முதல் பக்கத்திலேயே 'கொக்குத் தீவைச் சுற்றி மீன்கள் பெருகியுள்ளன' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எண்ணியது நான்தான். பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் முங்கி, கடலடியில் டேப்பை விரித்து, அதன் இரண்டு பக்கமும் வருகிற மீனை எண்ணுகிறேன். மீன் கூடியிருப்பது உண்மை. எந்த மீன் என்பதுதான் கேள்வி.

போன வருஷக் கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது அழுதுகொண்டே உங்களுக்குப் போன் செய்தேனே, அதில் முக்கால்வாசி செத்துவிட்டது. பவளம் செத்தாலும் அதன் கூடு சில வருஷம் அப்படியே நிற்கும். அதன் மேல் பாசி படரும். பாசி தின்கிற ஓராவும் கிளிமீனும் விருந்துக்கு அழைத்த மாதிரி வந்து கூடிவிட்டன. உயிருள்ள பவளத்தைக் கொத்தியே பிழைக்கிற மீன்களும், அதன் கிளைகளுக்குள் ஒளிந்து வளர்கிற குஞ்சுகளும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவற்றின் பெயர்களை எழுதிப் பக்கத்தில் பூஜ்யம் போட்டுக் கொடுத்தேன். அட்டவணை நீளமாகிறதாம், எங்கள் மேலாளர் பூஜ்யம் இருந்த வரிகளை எல்லாம் எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "இல்லாத மீனுக்கு எதுக்கும்மா இடம்?" என்கிறார்.

இழவு வீட்டில் கூடிய கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஆள் பெருகிவிட்டது என்று எழுதுவானா ஒருவன்? எழுதியிருக்கிறார்கள். கீழே கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள்.

இந்த ஒரு வரியை வைத்து அதிகாரிகள் தீவின் வடக்குப் பக்கத்தை வலைக்குத் திறந்துவிடப் போகிறார்கள். பத்து வருஷமாக மூடியிருந்த இடம். செத்த பவளத்தின் கூடு இன்னும் நாலைந்து வருஷம் நிற்கும். அதுவரை பாசி தின்கிற மீன்கள் அதைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தால், புதுப் பவளக் குஞ்சு வந்து ஒட்டுவதற்கு இடம் கிடைக்கும். அந்த மீனையும் அள்ளிவிட்டால் பாசி மூடும், கூடு நொறுங்கும், அப்புறம் பவளமும் இல்லை, மீனும் இல்லை.

இன்னொன்று. உத்தரவு வருவதற்கு முன்பே, குஞ்சுகூடத் தப்பாத பொடிக்கண் வலையோடு ஆட்கள் தொடங்கிவிட்டார்கள். விரல் நீள மீன்களைக் கரையில் காயப்போட்டு லாரியில் ஏற்றுகிறார்கள். வண்டியில் டிஎன் 28 என்று இருந்தது. நம் நாமக்கல் வண்டி. எதற்கு என்று கேட்டால் கோழித் தீவனத்துக்கு என்கிறார்கள். அண்ணா, உங்கள் பண்ணைக்கு வருகிற கருவாடு எங்கிருந்து வருகிறது?

அம்மாவுக்கு இரவில் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
நர்மதா

*

புதுச்சத்திரம்
27 மே 2025

அம்மிணிக்கு அண்ணன் ஈஸ்வர் எழுதியது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் கால் அப்படியேதான் இருக்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்துவிட்டால் உட்கார மாட்டேன் என்கிறாள். வெயிலுக்குக் கோழிகள் நிறையப் போய்விட்டன. கொட்டகைக் கூரை மேல் தண்ணீர் அடித்து அடித்து போர்க்குழாயில் காற்றுதான் வருகிறது.

உன் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டேன். இப்போது திட்டலாம் அல்லவா? கடலை நீ பார்த்துக்கொள், கொட்டகையை நான் பார்த்துக்கொள்கிறேன். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. முட்டை விலையை எவனோ தீர்மானிக்கிறான், சோயா விலையை எவனோ தீர்மானிக்கிறான். என் கையில் மிச்சமிருப்பது தீவனத்தில் எதைக் கலப்பது என்பது ஒன்றுதான். அதிலும் வந்து மூக்கை நுழைக்கிறாயே.

கருவாடு கொண்டுவருவது செங்கோடன் மாமா. நம் அம்மாவுடன் பிறந்தவர். அப்பா போனபின் இந்தக் குடும்பத்துக்குத் தூணாக நின்றவர். அவர் திருட்டு மீன் விற்கிறார் என்று நீ சொன்னதாக அம்மா காதில் விழுந்தால் கால் வலியை மறந்து உன்னை அடிக்க வருவாள்.

நான் வாங்குவது முழு மீன். தூள் வாங்குகிறவன் ஏமாளி. அதில் மணலும் கலந்திருக்கும், யூரியாவும் கலந்திருக்கும். முழங்கை வரை கையை விட்டுக் கிளறிப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் நான் இறக்கியதில்லை. வருவதெல்லாம் பேரில்லாத கழிவு மீன். நம்பிக்கை இல்லையென்றால் நீயே பார். அரை மூட்டையைப் பார்சல் சர்வீஸில் உன் பேருக்குப் போட்டிருக்கிறேன். நன்றாக எண்ணு.

கிணற்றில் உனக்கு நீச்சல் பழக்கியவன் நான். இப்படிப் போய்க் கடலில் விழுவாய் என்று தெரிந்திருந்தால் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தே இருக்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்,
ஈஸ்வர்

*

சங்குமுனை
14 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு, நர்மதா. சுகம்தான். உங்கள் பார்சலின் நாற்றத்தால் வீட்டுக்காரம்மா மட்டும் என்னிடம் பேசுவதில்லை. அம்மாவும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

மூட்டையை வாசலில் கொட்டி, சாக்கு விரித்து, இனம் இனமாகப் பிரித்தேன். பாதி நீங்கள் சொன்ன மாதிரி காரப்பொடியும் மற்றப் பொடி மீனும்தான். மீதிப் பாதிக்குப் பேர் இருக்கிறது, அண்ணா. ஓரா குஞ்சு. கிளிமீன் குஞ்சு. முள்வாலி. செத்த பவளத்தின் மேல் பாசி மூடாமல் சுரண்டிக்கொண்டிருக்கிறது என்று நான் எழுதினேனே, அதே கூட்டம். என் அறிக்கையில் 'பெருகியுள்ளன' என்று வந்தது இந்த மீன்தான். பெருகியது கடலில், போய்ச் சேர்ந்தது உங்கள் கொட்டகையில்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். சாக்கின் ஓரத்தில் ஒன்று கிடந்தது. மஞ்சள் உடம்பு, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை. காய்ந்து, நிறம் பாதி போய், வால் ஒடிந்திருந்தது. வண்ணத்துப்பூச்சி மீன் என்போம். உயிருள்ள பவளத்தைத் தவிர வேறெதையும் தின்னத் தெரியாத ஜாதி. எப்போதும் ஜோடியாகத்தான் திரியும். ஒரு வருஷமாக என் டேப்பில் அது ஒன்றுகூட வரவில்லை. எங்கேயாவது உயிரோடு ஒரு துண்டுப் பவளம் மிச்சமிருந்தால் அங்கே ஒரு ஜோடியாவது இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தேடினேன். இருந்திருக்கிறது. உங்கள் கோழிக்கு முன்னால் நான் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

எனக்குக் கோபம். உங்கள் மேலா, மாமா மேலா, மேலாளர் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எல்லோர் மேலும்தான்.

எனக்கு இரண்டு வேண்டும். ஒவ்வொரு லோடிலும் ஒரு படி மீன், எந்தக் கரையில் ஏற்றியது என்று மாமாவிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்தது, இந்தக் கரை மீன் வந்தால் இறக்காமல் திருப்பி அனுப்புங்கள். மாமாவுக்கு ஒரு வண்டிதான் நஷ்டம். எனக்கு அந்தத் தீவே போகிறது.

உங்கள்,
நர்மதா

*

புதுச்சத்திரம்
2 ஆகஸ்ட் 2025

அம்மிணிக்கு, அண்ணன். எல்லோரும் நலம். உடனே எழுத முடியவில்லை. பழைய கோழிகளை விற்று, கொட்டகை கழுவி, புது பேட்ச் ஏற்றியதில் நேரம் போனதே தெரியவில்லை.

ஆடிக் காற்றுக்குக் கடலுக்கு யாரும் சரியாகப் போகவில்லையாம். நீ கேட்ட மாதிரி வண்ண மீன் எதுவும் இப்போது கண்ணில் படவில்லை. அதனால் அனுப்பவும் ஒன்றுமில்லை.

இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போகலாம் என்று அண்ணி சொன்னாள், அம்மாவால் படி இறங்க முடியாது என்று விட்டுவிட்டோம். ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். உடைந்திருந்தால் பார்சல்காரனைத் திட்டு, என்னைத் திட்டாதே.

அண்ணன்,
ஈஸ்வர்

*

சங்குமுனை
20 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம். முறுக்கு உடையாமல் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்குப் பாதி கொடுத்தேன், மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடலுக்கு யாரும் போகவில்லை என்று உங்களிடம் யார் சொன்னது? தீவின் மறைவில் காற்று அடிப்பதில்லை. பொடிக்கண் வலை நாள் தவறாமல் போகிறது. வாரம் ஒரு லாரி கிளம்புகிறது. நீங்கள் வாங்கவில்லை என்றால் சந்தோஷம். அப்படியானால் அது எங்கே போகிறது என்றாவது மாமாவிடம் கேளுங்கள்.

நவம்பரில் தாலுகா ஆபீஸில் கூட்டம் வைக்கிறார்கள். வடக்குப் பக்கத்தைத் திறப்பதா மூடுவதா என்று அங்கேதான் பேச்சு. உங்கள் மூட்டையில் இருந்த மீன்களை அங்கே அதிகாரிகளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இந்த மீன் இந்தத் தீவில்தான் பிடித்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கிறார்கள். மீனுக்கு நெற்றியிலா எழுதியிருக்கும்? வாங்கியவர் வந்து சொன்னால்தான் உண்டு. அண்ணா, நீங்கள் வந்து சொல்வீர்களா? ஒரு பகல் போதும்.

நர்மதா

*

சங்குமுனை
30 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு, நர்மதா. எல்லோரும் நலம் என்று நானே எழுதிக்கொள்கிறேன், உங்களிடமிருந்து பதில்தான் இல்லையே. ஆயுத பூஜைக்கு வர மாட்டேன். வந்தால் சண்டைதான் வரும்.

கூட்டம் நவம்பர் இருபத்தொன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. வருவீர்களா மாட்டீர்களா என்று ஒரு வார்த்தை எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்? மாட்டேன் என்றாலும் எழுதுங்கள். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. போனில் என்னைப் பேசவே விடாத அண்ணனா இது?

நர்மதா

*

புதுச்சத்திரம்
19 அக்டோபர் 2025

அன்புள்ள நர்மதாவுக்கு அண்ணி வசந்தாமணி எழுதுவது. நல்லா இருக்கிறாயா? தீபாவளிக்கும் நீ வரவில்லை என்று அத்தை புலம்புகிறார். உனக்கு எடுத்த சேலை பீரோவில் இருக்கிறது.

நான் எழுதுவது உன் அண்ணனுக்குத் தெரியாது. உன் கடிதங்களைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார். துவைக்கப் போடும்போதெல்லாம் எடுத்து வைப்பது நான்தான். அதனால் நானும் படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

லோடு வராமல் இல்லை, அம்மிணி. வாரா வாரம் வருகிறது. ஆனால் மீனாக வருவதில்லை, தூளாக வருகிறது. உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அடுத்த வாரம், செங்கோடன் மாமா வண்டியோடு வந்து நின்றபோது நான் அங்கேதான் இருந்தேன். உன் அண்ணன் மூட்டை வாயை அவிழ்த்தார், உள்ளே பார்த்தார், கையை விடவில்லை. அப்படியே கட்டிவிட்டுச் சொன்னார்: "இனிமே முழு மீனு வேண்டாங்க மாமா. பொடி பண்ணியே குடுத்துருங்க."

மாமாவுக்கே ஆச்சரியம். தூள் என்றால் வண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற மனிதர் இவர். எனக்கும் அன்று விளங்கவில்லை. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் விளங்கியது. படித்த அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போய்விட்டேன். வாங்குவதானால் தைரியமாகப் பார்த்து வாங்க வேண்டும், இல்லை என்றால் விட்டுவிட வேண்டும். இது என்ன பிழைப்பு?

உன் மேலும் எனக்குக் கோபம்தான். அவரைத் திட்டுகிறாயே, இந்தப் பக்கம் இருக்கிற பண்ணைகள் எல்லாம் வாங்குகிறதே, அவர் ஒருவர் நிறுத்தினால் உன் மீன் திரும்பி வந்துவிடுமா? தெரிந்தால் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
வசந்தாமணி

*

சங்குமுனை
28 அக்டோபர் 2025

அண்ணனுக்கு. அம்மாவும் அண்ணியும் நலம் என்று தெரிந்துகொண்டேன்.

தூளாக்கச் சொன்னீர்களாமே. யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். 'வண்ண மீன் எதுவும் கண்ணில் படவில்லை' என்று நீங்கள் எழுதியதை இன்னொரு முறை எடுத்துப் படித்தேன். பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அரைத்துவிட்டால் எப்படிக் கண்ணில் படும்? பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

எங்கள் மேலாளர் பூஜ்யத்தை எடுத்தார், நீங்கள் மீனின் முகத்தை எடுத்துவிட்டீர்கள். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். அவர் என் அண்ணன் இல்லை, அது ஒன்றுதான்.

கூட்டத்துக்கு வர வேண்டாம். இனிமேல் உங்களை நான் கேட்க மாட்டேன்.

நர்மதா

*

சங்குமுனை
24 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு நர்மதா எழுதுவது. நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை அண்ணன் பெருந்துறைக்கு மெஷின் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார். பெருந்துறைக்குப் போகவில்லை. இங்கே வந்தார். வீட்டில் சொல்லாதே என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். சொல்லாமல் விடுவதெல்லாம் இந்தக் குடும்பத்தில் இதோடு போதும் என்று எழுதுகிறேன்.

கூட்டத்தில் எங்கள் மேலாளர் பெரிய திரையில் வரைபடம் போட்டுக் காட்டினார். கோடு மேலே மேலே ஏறியது. நான் எழுந்து, செத்த பவளம், பாசி, எந்த மீன் போயிற்று, எது வந்தது என்று பதினோரு வருஷத்தையும் சொன்னேன். எருமை மேல் மழை பெய்த மாதிரிதான். ஒரு அதிகாரி போன் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர் சிரித்துக்கொண்டே, இது மனிதர் தின்னாத கழிவு மீன், வீணாவதைவிட நாமக்கல் விவசாயிகளுக்குப் பயன்பட்டால் நல்லதுதானே என்றார்.

அப்போதுதான் பின்னால் நாற்காலி நகர்ந்தது. வெள்ளை வேட்டி, கையில் ஒரு மஞ்சள் பை. அண்ணன்தான், அண்ணி.

"நான் நாமக்கல்லுங்க. முட்டைக்கோழி வெச்சிருக்கறேன்," என்றார். "உங்க தீவு மீனைத் தின்னது என்ற கோழிங்க."

போன் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அண்ணன் பையைத் திறந்து தூளை மேசை மேல் கொட்டினார். எந்தக் கரையில் ஏற்றியது, எந்தக் கிழமை வரும், யார் கொண்டுவருவது எல்லாவற்றையும் சொன்னார். யார் அந்த வியாபாரி என்று கேட்டதற்கு, "என்ற சொந்தத் தாய்மாமனுங்க," என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் வெறும் பையை மடித்துக்கொண்டிருந்தார். முதலில் முழு மீனாக வாங்கியதையும், அதில் என்னென்ன இருந்தது என்று தெரிந்த பிறகு தூளாக்கச் சொன்னதையும் அவர் வாயாலேயே சொன்னார்.

மேலாளர் விடுவாரா? நீங்களே வாங்கிவிட்டு நீங்களே குறை சொல்கிறீர்களா என்று மடக்கினார்.

"வாங்குனவன் சொல்லாம வேற யாருங்க சொல்லுவா? மீனா வந்து சொல்லும்?" என்று அண்ணன் கத்தினார். "மீனு பெருகிப்போச்சுன்னு எழுதியிருக்கறீங்க. என்ற கொட்டாய்ல நோவு வந்து கோழி சாவறப்ப ஈ நெம்பப் பெருகுமுங்க. உசுரு பெருகிப்போச்சுன்னு நான் எழுதோணுமுங்களா?"

அதிகாரிகள் கோப்பை மூடினார்கள். முடிவை ஒத்திவைக்கிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. அவரைப் படகில் கூட்டிப்போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படகைப் பிடித்தபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தார். கிணற்று நீச்சல்காரர், மூச்சு நன்றாகவே பிடிக்கிறார். வெளியே வந்தபின் காதில் ஏறிய தண்ணீரை உதறினார். நல்ல பவளப் பாறையில் சோளம் பொரிகிற மாதிரி ஓயாமல் ஒரு சத்தம் கேட்கும். அங்கே அது அடங்கிக்கிடக்கிறது. நான் அதை அவரிடம் சொல்லவே இல்லை.

"ஊமையா இருக்குது, புள்ள," என்றார். "ஆயிரங்கோழி இருக்கற கொட்டாய் ஊமையாப் போச்சுன்னா, விடியறதுக்குள்ள அத்தனையும் போயிரும்."

அவரைத் திட்டி எழுதிய கடிதத்துக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பொய் சொல்லிவிட்டு வந்ததற்கு நீங்கள் திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் சோறு போட்டுவிட்டுத் திட்டுங்கள்.

உங்கள்,
நர்மதா

*

புதுச்சத்திரம்
20 டிசம்பர் 2025

அம்மிணிக்கு, அண்ணன். சொல்லாதே என்று சொன்னதை முதல் வேலையாக எழுதி அனுப்பியிருக்கிறாய். உன் அண்ணி இரண்டு நாள் எனக்குச் சோறு போடவில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

மாமா வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றார். "சபையில என்ற பேரச் சொல்லிப்போட்டியேடா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அண்ணியைக் கூப்பிடுகிறாள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும்.

இப்போது எனக்கு யாரும் கருவாடு விற்பதில்லை. சோயாவை வைத்துச் சமாளிக்கிறேன். முட்டை சிறுத்துவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. எனக்கு எரிவது எங்கே தெரியுமா? மாமாவின் வண்டி ஒரு நாள்கூட நிற்கவில்லை. என் பண்ணையைத் தாண்டி அடுத்த பண்ணையில் போய் இறக்குகிறது. நான் ஒருவன் வாயைக் கட்டினால் ஆயிற்றா என்று அண்ணி கேட்டது சரிதான். கடலை மூடாமல் கொட்டகையை மூடி ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஏன் தூளாக்கச் சொன்னேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். உன் கடிதம் வந்த பிறகு மூட்டைக்குள் கை விட முடியவில்லை. வாங்காமலும் இருக்க முடியவில்லை. அவ்வளவுதான். மேலாளருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று எழுதினாயே, அந்தக் கடிதத்தை மட்டும் சட்டைப்பையில் வைக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

பொங்கலுக்கு வா.

அண்ணன்,
ஈஸ்வர்

*

சங்குமுனை
15 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணனுக்கு, நர்மதா. பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து இருமல், இப்போது தேவலை. அம்மா உங்களோடு பேசினாளா?

உத்தரவு வந்துவிட்டது. வடக்குப் பக்கத்தில் வலை போடக்கூடாது. 'நாமக்கல் பண்ணையாளர் ஒருவரின் வாக்குமூலத்தைக் கருத்தில் கொண்டு' என்று எழுதியிருக்கிறார்கள். பதினோரு வருஷம் நான் எண்ணியதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வயிறு எரிந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது.

ஆனால் தடை ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த பிப்ரவரியில் தானாகத் திறந்துவிடும்.

போன வாரம் கடைசியாக முங்கினேன். ஓராக் கூட்டம் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருக்கிற மீன் மேய்ந்து சுத்தமாக வைத்திருக்கிற பாறையில், நாலைந்து இடத்தில் நகத்தளவு புதுப் பவளம் ஒட்டியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். உயிர் இருக்கிறது. ஒரு குஞ்சு மீன் உள்ளே புகுந்து ஒளிகிற அளவுக்கு அது கிளை விட இன்னும் எத்தனையோ வருஷம் வேண்டும். அதற்குள் வலை வந்துவிடும்.

கடைசியாக என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. என் ஒப்பந்தத்தை நிறுவனம் புதுப்பிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். ராமநாதபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டிருக்கிறேன். ஒரு வருஷத் தடை போதாது என்று மனு எழுத உட்கார்ந்தேன், பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை, அண்ணா. நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம். விட்டுவிடுங்கள்.

உங்கள்,
நர்மதா

*

புதுச்சத்திரம்
2 மார்ச் 2026

அம்மிணிக்கு அண்ணன் எழுதியது. இருமலுக்குச் சித்தரத்தை போட்டுக் குடி. அம்மா பேசவில்லை. ஆனால் நேற்று என் வேட்டியைத் தானே மடித்துப் பையில் வைத்தாள். எங்கே போகிறேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நீ விட்டுவிடு. நீ பதினோரு வருஷம் பார்த்தவள், உனக்கு அலுப்பு வரலாம். நான் ஒரே ஒரு தடவைதான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

முட்டைக்கோழி பொரித்த நாளிலிருந்து முட்டைக்கு வரவே நாலரை மாதம் ஆகிறது. விற்கிற வரைக்கும் ஒரு பேட்சுக்கு நாங்கள் ஒன்றரை வருஷம் கொடுக்கிறோம். கடலுக்கு ஒரு வருஷமா? எந்தப் புத்திசாலி போட்ட கணக்கு இது? அதைத்தான் நேரில் கேட்கப் போகிறேன். அந்த நகத்தளவு பவளம் கிளை விடுகிற வரைக்கும் மூடுகிறோம் என்று எழுதிக் கொடுக்காமல் அந்தத் தாலுகா ஆபீஸ் வாசலை விட்டு நகர மாட்டேன். அண்ணியும் வருகிறாள். வேண்டாம் என்றேன், கட்டுச்சோறு கட்டி முடித்துவிட்டாள். நீ பாதியில் வைத்த மனுவை எடுத்து வை, மீதியை நான் சொல்லச் சொல்ல எழுதலாம்.

போனை அணைத்துவிட்டேன். இதைப் பஸ் ஸ்டாண்டுப் பெட்டியில் போட்டுவிட்டு ஏறப் போகிறோம். இது உன் கைக்கு வருவதற்குள் நாங்கள் வந்துவிடுவோம். வேண்டாம் என்று எழுத உனக்கு வழியில்லை.

அண்ணன்,
ஈஸ்வர்